சிவியரன்ஸ் கைக்கு வந்த பிறகு அன்எம்ப்ளாய்மென்ட் கேட்கலாமா?

வாசகர் கேள்வி: நான் கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கிறேன். கிரீன் கார்டு. ஆறு வருடமாக ஒரே கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். கம்பெனியின் தலைமையகம் டெக்சஸில், ஆஸ்டினில். நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். 2025 அக்டோபர் 31 வெள்ளிக்கிழமையோடு லே-ஆஃப். பத்து வாரச் சம்பளம் சிவியரன்ஸாக, அதாவது வேலையிலிருந்து அனுப்பும்போது தரும் தொகையாக, ஒரே தவணையில் வந்துவிட்டது. டல்லாஸில் இருக்கும் தோழி, "சிவியரன்ஸ் வாரங்கள் முடியும் வரை அன்எம்ப்ளாய்மென்ட் கேட்காதே, மாட்டிக்கொள்வாய்" என்கிறாள். இரண்டு வாரம் சும்மா இருந்துவிட்டேன். டிசம்பர் 10 முதல் 31 வரை மதுரைக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன், அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன். நடுவில் ஒரு சிறிய ஸ்டார்ட்-அப், வாரத்துக்கு ஐந்து மணி நேரம், பத்து மணி நேரம் என்று டெஸ்டிங் வேலை தருகிறேன் என்கிறது. கணவருக்கு வேலை இருக்கிறது. இந்தப் பணத்துக்கு வரி உண்டா? பின்னால் சிட்டிசன்ஷிப் போடும்போது இடிக்குமா? அப்பா வேறு, "அரசாங்கம் போடுகிற இனாம் நமக்கு எதற்கு?" என்கிறார்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வாரமே, சனிக்கிழமை நவம்பர் 22க்குள் அன்எம்ப்ளாய்மென்ட் (வேலை இழந்தவர்களுக்கான காப்பீட்டுத் தொகை) கேட்டுக் கிளெய்ம் போட்டுவிடுங்கள். கலிஃபோர்னியாவில் கிளெய்ம், நீங்கள் விண்ணப்பிக்கும் வாரத்தின் ஞாயிற்றுக்கிழமையிலிருந்துதான் தொடங்கும். வெள்ளியன்று போட்டாலும் நவம்பர் 16தான் தொடக்கம். அடுத்த திங்கள் போட்டால் 23 ஆகிவிடும். பின்தேதியிட்டுக் கேட்க வழி உண்டு, ஆனால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். "தோழி வேண்டாம் என்றாள்" என்பதை மாநில அலுவலகம் காரணமாக எடுத்துக்கொள்ளாது. போன இரண்டு வாரத்தை நினைத்து வருந்த வேண்டாம். உங்களுக்கு உரிய மொத்தத் தொகை அதனால் குறையவில்லை, தள்ளித்தான் போயிருக்கிறது. சீக்கிரம் வேலை கிடைத்துவிட்டால் மட்டும் அந்த இரண்டு வாரம் போனது போனதுதான்.

உங்கள் தோழி பொய் சொல்லவில்லை. டெக்சஸில் பொதுவாக அப்படித்தான். சிவியரன்ஸ் எத்தனை வாரத்துக்கோ அத்தனை வாரம் அங்கே தள்ளிப்போகும் (வழக்குப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்து வாங்கிய தொகைக்கு அங்கும் விலக்கு உண்டு). ஆனால் அவர் சொல்வது அவருடைய மாநிலத்துச் சட்டம். அன்எம்ப்ளாய்மென்ட் என்பது மத்திய அரசு 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் போட்ட சட்டகத்துக்குள் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக நடத்தும் காப்பீடு. ஃப்ளோரிடாவில் வாரத்துக்கு அதிகபட்சம் 275 டாலர். நியூ ஜெர்சியில் 2025இல் 875 டாலர். இரண்டும் ஒரே நாடுதான். வாட்ஸாப் குழுவில் யார் எதைச் சொன்னாலும் "எந்த மாநிலம்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு மேலே படியுங்கள்.

கம்பெனி ஆஸ்டினில் இருப்பதால் டெக்சஸ் சட்டம் உங்களுக்குப் பொருந்துமோ என்ற சந்தேகம் வந்திருக்கும். பொருந்தாது. தலைமையகம் எங்கே என்பது கணக்கில்லை. நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்தீர்கள் என்பதே கணக்கு. ஃப்ரீமான்ட்டில் வேலை செய்தால் கம்பெனி உங்கள் சம்பளத்தைக் கலிஃபோர்னியாவுக்குத்தான் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்ததா என்று நீங்களே பார்க்கலாம். கடைசி சம்பளச் சீட்டை எடுத்து, பிடித்தங்கள் வரிசையில் "சி.ஏ. எஸ்.டி.ஐ." என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். அது கலிஃபோர்னியாவின் உடல்நலக் குறைவுக் காப்பீட்டுக்கான பிடித்தம். அந்த வரி இருந்தால் கம்பெனி இங்கேதான் கணக்குக் காட்டுகிறது. ஆண்டுச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 படிவத்தின் 15ஆம் கட்டத்திலும் மாநிலத்தின் பெயர் இருக்கும்.

அதே சீட்டில் அன்எம்ப்ளாய்மென்ட்டுக்கு என்று ஒரு பிடித்தமும் இருக்காது. அதுதான் உங்கள் அப்பாவுக்கான பதில். இந்தக் காப்பீட்டுக்கான பிரீமியத்தைக் கலிஃபோர்னியாவில் முழுக்க முதலாளிதான் கட்டுகிறார்: ஒவ்வொரு ஊழியரின் பெயரிலும் ஆண்டுக்கு முதல் 7,000 டாலர் சம்பளத்தின் மேல், கம்பெனியின் வரலாற்றைப் பொறுத்து 6.2 சதவீதம் வரை. ஆறு வருடமாக உங்கள் தலையில் எழுதிக் கட்டிய காப்பீடு இது. கார் இன்சூரன்ஸில் பணம் வாங்கினால் அதை யாரும் இனாம் என்பதில்லை.

சிவியரன்ஸ் விஷயத்தில் ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். வேலை முடிந்த பிறகு கொடுக்கும் உண்மையான சிவியரன்ஸைக் கலிஃபோர்னியா பொதுவாகக் கழிப்பதில்லை. ஆனால் "நோட்டீஸுக்குப் பதிலாக" என்று கொடுக்கும் சம்பளம் வேறு கதை. அதைச் சம்பளமாகவே எடுத்து அந்த வாரங்களுக்குக் கழிப்பார்கள். அதேபோல, "வேலைக்கு வர வேண்டாம், ஆனால் இன்னும் 60 நாள் பே-ரோலில் இருக்கிறீர்கள்" என்பது பே ஏரியாவில் (சான் ஃபிரான்சிஸ்கோ சுற்றுவட்டாரத்தில்) இப்போது சகஜம். அந்த நாட்களில் நீங்கள் இன்னும் ஊழியர்தான். பே-ரோல் முடிந்த தேதிக்குப் பிறகுதான் கிளெய்ம். ஆகவே ஹெச்ஆர் கொடுத்த கடிதத்தை எடுத்து, பணத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள், வேலை முடிந்த தேதி என்ன என்ற இரண்டையும் படியுங்கள். விண்ணப்பத்தில் இந்தப் பணம் பற்றிக் கேட்கும்போது மறைக்காமல் தொகையையும் பெயரையும் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். கழிப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் தீர்மானிக்கட்டும். கழிக்காத பணத்தை மறைத்துவிட்டு "பொய்ச் சொன்னாள்" என்று பெயர் வாங்குவதைவிட முட்டாள்தனம் வேறில்லை.

சிவியரன்ஸ் ஒப்பந்தத்தில் "பரஸ்பர சம்மதத்துடன் பிரிகிறோம்" என்று இருந்தால் பயப்படாதீர்கள். விண்ணப்பத்தில் காரணம் கேட்கும் இடத்தில் நடந்ததை எழுதுங்கள்: லே-ஆஃப், வேலை இல்லை. "அன்எம்ப்ளாய்மென்ட் கேட்கமாட்டேன்" என்று ஒப்பந்தத்தில் கையெழுத்தே போட்டிருந்தாலும் கலிஃபோர்னியாவில் அது செல்லாது.

இனி விண்ணப்பம். அலுவலகத்தின் பெயர் எம்ப்ளாய்மென்ட் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட், எல்லோரும் இ.டி.டி. என்பார்கள். அவர்கள் தளத்தில் "மை இ.டி.டி." கணக்குத் தொடங்கி, அதற்குள் "யூ.ஐ. ஆன்லைன்" (யூ.ஐ. என்றால் அன்எம்ப்ளாய்மென்ட் இன்சூரன்ஸ்) வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உட்காரும் முன் மேசையில் எடுத்து வைக்க வேண்டியவை: சோஷியல் செக்யூரிட்டி எண், ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு (அதில் உள்ள ஏ-நம்பர் என்ற குடியேற்றப் பதிவு எண்ணும் காலாவதித் தேதியும் கேட்கும்), கடந்த 18 மாதத்தில் வேலை செய்த எல்லாக் கம்பெனிகளின் பெயர், முகவரி, சம்பளம், கடைசி வேலை நாள். கடைசி வாரத்துக்கு, ஞாயிறு முதல் கடைசி நாள் வரை சம்பாதித்த தொகையைப் பிடித்தத்துக்கு முன்னால் உள்ள கணக்கில் தனியாகக் கேட்பார்கள். உங்களுக்கு அது அக்டோபர் 26 முதல் 31 வரை.

கம்பெனியின் பெயரைச் சம்பளச் சீட்டில் உள்ளபடி எழுதுங்கள், விளம்பரப் பலகையில் உள்ளபடி அல்ல. சின்னக் கம்பெனிகள் பல, பே-ரோலை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருக்கும். சட்டப்படி முதலாளி என்று பதிவாகியிருப்பது அந்தப் பெயராக இருக்கலாம்.

நம்மவர்கள் அதிகம் சிக்குவது பெயரில்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேம் ஆகியிருக்கும். சோஷியல் செக்யூரிட்டி கார்டில் வெறும் இனிஷியல். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர். கம்பெனியிலோ சொந்தப் பெயரும் சர்நேமும் இடம் மாறியிருக்கும். ஒற்றைப் பெயரோடு வந்தவர்களுக்கு "எஃப்.என்.யூ." (முன்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று ஒரு முன்பெயரே முளைத்திருக்கும். இ.டி.டி. உங்கள் பெயர், எண், பிறந்த தேதி மூன்றையும் சமூகப் பாதுகாப்பு அலுவலகத்தின் பதிவோடு ஒப்பிடுகிறது. எனவே சோஷியல் செக்யூரிட்டி கார்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். மற்ற பெயர்களை "வேறு பெயர்கள்" கேட்கும் இடத்தில் சேருங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால் அடையாளத்தை நிரூபிக்கச் சொல்லிக் கடிதம் வரும். 10 நாளுக்குள் பதில் போட வேண்டும். தேதி எண்ணுவது கடிதத்தில் அச்சிட்ட நாளிலிருந்து, உங்கள் பெட்டியில் விழுந்த நாளிலிருந்து அல்ல. ஐடி.மீ என்ற அடையாளச் சரிபார்ப்புத் தளம் வழியாக செல்ஃபி எடுத்து அடையாளம் காட்டச் சொல்லும்போது உரிமத்தின் படம் மங்கலாக இருந்தாலே இயந்திரம் தள்ளிவிடும். வெளிச்சம் நேராக விழாத இடத்தில், கறுப்புத் துணி மேல் கார்டை வைத்து எடுங்கள்.

கிளெய்ம் போட்டதும் தபாலில் இரண்டு மூன்று காகிதங்கள் வரும். அதில் முக்கியமானது "நோட்டீஸ் ஆஃப் அவார்டு". இதைப் பார்த்துப் பலர் பணம் அனுமதியாகிவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை, உங்களுக்குத் தகுதி இருந்தால் எவ்வளவு என்ற கணக்கு மட்டுமே அது. அதில் நான்கு காலாண்டுச் சம்பளம் அச்சாகியிருக்கும். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் போடும் கிளெய்முக்கு, ஜூன் 30இல் முடிந்த பன்னிரண்டு மாதத்தை எடுப்பார்கள். உங்களுக்கு 2024 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை. கடைசி நான்கு மாதச் சம்பளம் அதில் இல்லையே என்று பதற வேண்டாம், விதியே அப்படித்தான். அந்த நான்கில் அதிகம் சம்பாதித்த காலாண்டை 26ஆல் வகுத்தால் வாரத் தொகை. உச்சவரம்பு 450 டாலர். ஒரு காலாண்டில் 11,674 டாலரைத் தாண்டியிருந்தால் உச்சவரம்புதான். சாஃப்ட்வேர் சம்பளத்துக்கு அது நிச்சயம். மொத்தம் அதிகபட்சம் 26 வாரம், அதாவது 11,700 டாலர். அதை 52 வாரத்துக்குள் எடுக்க வேண்டும். 2005இலிருந்து இந்த 450 நகரவே இல்லை. பே ஏரியா வாடகைக்கு இது எந்த மூலைக்கு என்று நீங்கள் கேட்டால் என்னிடமும் பதில் இல்லை.

அந்தக் காகிதத்தில் ஏதாவது காலாண்டில் பூஜ்யம் இருந்தால்தான் உண்மையில் கவலைப்பட வேண்டும். கம்பெனி தவறுதலாக டெக்சஸுக்குச் சம்பளத்தைத் தெரிவித்திருந்தால் இப்படி நடக்கும். டபிள்யூ-2, சம்பளச் சீட்டுகளின் நகலோடு கணக்கைத் திருத்தக் கேளுங்கள். காகிதத்தின் பின்பக்கத்திலேயே முறை இருக்கும்.

இதைப் படிக்கும் வேறு சிலருக்காக: பிரசவ விடுப்பு எடுத்தவர்களுக்கு நான்கில் எல்லாக் காலாண்டும் மெலிந்திருக்கலாம். அவர்கள் அடுத்த காலாண்டு பிறக்கும் வரை சில வாரம் பொறுத்துப் போட்டால் வாரத் தொகை கூடலாம். உங்களுக்கு அந்த யோசனை தேவையில்லை.

முதல் வாரத்துக்குப் பணம் கிடையாது, காத்திருப்பு வாரம். நவம்பர் 16 முதல் 22 வரை உங்களுக்கு அது. பணம் இல்லையே என்று அந்த வாரத்துக்குச் சான்றளிக்காமல் (இ.டி.டி.யின் கேள்விகளுக்குப் பதில் எழுதி உறுதி சொல்லாமல்) விட்டால் காத்திருப்பு வாரமே கணக்கில் ஏறாது, அடுத்த வாரத்துக்கு நகர்ந்துவிடும். முதல் பணம் வர ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். வங்கிக் கணக்கில் நேரடியாக வரச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் டெபிட் கார்டு தபாலில் வர வேண்டும், அது தொலையும், தேட வேண்டும். 21 நாளுக்குள் கால்ஜாப்ஸ் என்ற தளத்தில் ரெஸ்யூமே ஏற்றவும் சொல்வார்கள். சடங்குதான், ஆனாலும் செய்துவிடுங்கள்.

இனி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சான்றளிப்பு. ஒவ்வொரு வாரத்துக்கும் ஆறு கேள்வி: உடம்பு சரியில்லாமல் இருந்ததா, வேறு காரணத்தால் முழுநேர வேலையை ஏற்க முடியாமல் இருந்ததா, வேலை தேடினீர்களா, வந்த வேலையை மறுத்தீர்களா, படிப்போ பயிற்சியோ தொடங்கினீர்களா, வேலை செய்தோ சம்பாதித்தோ இருக்கிறீர்களா. நூற்றுக்கு எண்பது சிக்கல் இந்த ஆறில்தான் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம், ஆனால் மறுப்புக் கடிதங்களைப் படித்தால் இரண்டாவதும் ஆறாவதும் திரும்பத் திரும்ப வரும். உங்கள் மதுரைப் பயணம் இரண்டாவது கேள்வி; ஸ்டார்ட்-அப் வேலை ஆறாவது.

மதுரையில் அம்மா படுக்கையருகே இருக்கும் வாரத்தில், நாளைக் காலை ஃப்ரீமான்ட்டில் வேலைக்கு வா என்றால் உங்களால் போக முடியாது. ஆகவே அந்த வாரங்களுக்கு இரண்டாவது கேள்விக்கு "ஆம்", தேதிகளோடு. பணம் வராது. லேப்டாப்பில் அங்கிருந்தே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தேன் என்பது மூன்றாவது கேள்விக்குப் பதிலாகலாம், இரண்டாவதுக்கு ஆகாது. கணவரிடம் பாஸ்வேர்டைக் கொடுத்து இங்கிருந்து சான்றளிக்கச் சொல்வது, விபிஎன் போட்டு அங்கிருந்து நுழைவது இரண்டும் வேண்டாம். சான்றளிப்பில் பொய்ச் சொன்னால் தண்டனை உண்டு என்ற உறுதிமொழியின் கீழ் நீங்கள்தான் கையெழுத்திடுகிறீர்கள். விமான நிலையத்தில் உங்கள் பயணமோ தானாகப் பதிவாகிறது.

இப்படி வராமல் போன வாரத்தின் பணம் அழிந்துவிடுவதில்லை. உங்கள் 26 வாரக் கணக்கில் அப்படியே இருக்கும், திரும்பி வந்து எடுக்கலாம். ஆனாலும் டிக்கெட் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். இ.டி.டி.யின் வாரம் ஞாயிறு தொடங்கிச் சனியில் முடிகிறது. டிசம்பர் 10 புதன் கிளம்பி 31 புதன் திரும்பினால் உங்கள் மூன்று வாரப் பயணம் அவர்கள் நாட்காட்டியில் நான்கு வாரத்தைத் தொடுகிறது: 7 முதல் 13, 14 முதல் 20, 21 முதல் 27, 28 முதல் ஜனவரி 3. வேலைநாட்கள் போனதால் விளிம்பு வாரங்களும் கைநழுவ வாய்ப்பு அதிகம். டிசம்பர் 7 ஞாயிறு கிளம்பி 27 சனி இங்கே வந்து இறங்கினால் மூன்று வாரத்தோடு போகும். ஆபரேஷன் தேதி இடம் கொடுத்து, டிக்கெட் மாற்றும் கட்டணம் 450க்குக் கீழே இருந்தால் யோசியுங்கள். இல்லாவிட்டால் அம்மாவின் தேதிப்படியே போங்கள். திரும்பியதும் யூ.ஐ. ஆன்லைனில் கிளெய்ம் செயலற்றுக் கிடந்தால் "ரீஓப்பன்" என்பதை அந்த வாரத்திலேயே அழுத்துங்கள். அதுவும் அந்த வாரத்து ஞாயிறிலிருந்துதான் உயிர்பெறும்.

ஸ்டார்ட்-அப் வேலையைத் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். வாரச் சம்பாத்தியத்தில் 25 டாலர் அல்லது நான்கில் ஒரு பங்கு, இரண்டில் எது அதிகமோ அதை விட்டுவிடுவார்கள். மீதியை உங்கள் 450இலிருந்து கழிப்பார்கள். மணிக்கு 40 டாலர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வாரம் 5 மணி நேரம் என்றால் 200 டாலர். 50ஐ விட்டுவிட்டு 150ஐக் கழிக்க, இ.டி.டி. 300 தரும், கைக்கு 500. பத்து மணி நேரம் என்றால் 400, கழிவு 300, இ.டி.டி. 150, கைக்கு 550. அதாவது அடுத்த ஐந்து மணி நேர உழைப்புக்கு உங்கள் கையில் மிஞ்சுவது 50 டாலர். வாரம் 600ஐத் தொட்டால் அந்த வாரம் இ.டி.டி.யிலிருந்து ஒன்றுமில்லை. பணம் குறைந்த வாரத்தில் தராமல் விட்ட மீதி, உங்கள் மொத்தக் கணக்கில் பின்னால் எடுக்க நிற்கும். ஆகையால் இது முழு நட்டம் அல்ல.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் கல் ஒன்று உண்டு. சம்பாதித்த வாரத்தில் சொல்ல வேண்டும், பணம் வந்த வாரத்தில் அல்ல. நவம்பர் கடைசி வாரத்தில் செய்த வேலைக்கு ஸ்டார்ட்-அப் ஜனவரியில் செக் கொடுத்தாலும், நவம்பர் கடைசி வாரத்துச் சான்றளிப்பில்தான் அது வர வேண்டும். பிடித்தத்துக்கு முந்தைய தொகையைச் சொல்ல வேண்டும். சமையலறைக் காலண்டரில் அன்றன்றைய மணி நேரத்தைக் குறித்து வையுங்கள். இரண்டு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் தவறும். கம்பெனிகள் தரும் சம்பள விவரத்தோடு இ.டி.டி. பிறகு ஒப்பிட்டுப் பார்க்கும். கொடுத்தது அதிகம் என்று தெரிந்தால் திரும்பக் கட்டச் சொல்வார்கள். வேண்டுமென்றே மறைத்ததாக முடிவு செய்தால் அதன் மேல் 30 சதவீத அபராதமும், 23 வாரம் வரை பின்னால் கிடைக்க வேண்டியதை நிறுத்துவதும் உண்டு.

வேலை தேடியதற்குத் தனியாக ஒரு பட்டியல் வையுங்கள்: தேதி, கம்பெனி, பதவி, எப்படி விண்ணப்பித்தீர்கள், என்ன பதில். சான்றளிக்கும்போது கேட்காமல் இருக்கலாம். மூன்று மாதம் கழித்துக் கேட்கும்போது லிங்க்ட்இன் வரலாற்றைத் தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏதாவது கேள்வி எழுந்தால் தொலைபேசி நேர்காணலுக்குத் தேதி குறித்துக் கடிதம் வரும். அந்த நேரத்தில் தெரியாத எண்ணாக இருந்தாலும் எடுங்கள். எடுக்காவிட்டால் கையில் இருப்பதை வைத்து முடிவெடுத்துவிடுவார்கள். நேர்காணல் மதுரையில் இருக்கும் நாட்களில் விழுந்தால் முன்கூட்டியே மாற்றக் கேளுங்கள். மறுத்துவிட்டால், கடிதம் அனுப்பிய தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். தனியான ஒரு வாரியத்தின் நீதிபதி கேட்பார். முடிவு வரும் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சான்றளிப்பதை நிறுத்தவே கூடாது. மேல்முறையீட்டில் ஜெயித்தாலும் சான்றளிக்காத வாரத்துக்குப் பணம் வராது. "மறுத்துவிட்டார்களே, இனி எதற்கு" என்று விட்டவர்கள் ஜெயித்த பிறகு கையைப் பிசைவது இதனால்தான்.

வரி விஷயம். கலிஃபோர்னியா இந்தப் பணத்துக்கு மாநில வரி போடுவதில்லை. மத்திய அரசு முழுத் தொகைக்கும் போடும். "10,200 டாலர் வரை வரி இல்லையாமே" என்று யாராவது சொன்னால், அது கோவிட் காலத்தில் 2020 வரியாண்டுக்கு மட்டும் தந்த சலுகை, முடிந்து போயிற்று. சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் பிடித்தம் இதற்குக் கிடையாது. விண்ணப்பிக்கும்போதே மத்திய வரிக்கு 10 சதவீதம் பிடிக்கட்டுமா என்று கேட்பார்கள். ஆம் என்று போடுங்கள்: 450இல் 45 பிடித்து 405 வரும். பத்தைத் தவிர வேறு விகிதம் கேட்க முடியாது.

ஆனால் அந்தப் பத்து உங்கள் வீட்டுக்குப் போதாது. கணவர் சம்பளத்தோடு சேர்த்து நீங்கள் 22 சதவீத வருமான வரிப் படியில் இருந்தால், 11,700க்கு வரி 2,574, பிடித்தது 1,170, பள்ளம் 1,404 டாலர். 24 சதவீதப் படியில் பள்ளம் 1,638. சிவியரன்ஸில் மத்திய வரியாக 22 சதவீதம்தான் பிடித்திருப்பார்கள். மேல்படியில் இருந்தால் அங்கேயும் கொஞ்சம் குறையும். இதைச் சரிக்கட்ட எளிய வழி, கணவர் தம் கம்பெனியில் டபிள்யூ-4 படிவத்தை மாற்றி, 4(சி) வரியில் ஒவ்வொரு சம்பளத்துக்கும் கூடுதலாக இவ்வளவு பிடியுங்கள் என்று எழுதிக் கொடுப்பது. காலாண்டு வரி கட்டும் தலைவலி இதனால் மிச்சமாகும். சம்பளப் பிடித்தம் ஆண்டு முழுக்கச் சமமாகக் கட்டியதாகவே கணக்காகும் என்ற வசதியும் உண்டு. ஸ்டார்ட்-அப் உங்களை ஒப்பந்தக்காரராக வைத்து 1099 படிவம் தந்தால், ஆண்டு நிகர வருமானம் 400 டாலரை எட்டியதும் 15.3 சதவீத சுயதொழில் வரி தனியாக வரும். அதையும் இந்தக் கூடுதல் பிடித்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த வாரத்துக்கான பணம் என்பதல்ல, எந்தத் தேதியில் தந்தார்கள் என்பதே வரியாண்டைத் தீர்மானிக்கும். டிசம்பர் வாரத்துக்கு ஜனவரியில் வந்த பணம் 2026 கணக்கு. ஜனவரி 31க்குள், அந்த ஆண்டு தந்த அன்எம்ப்ளாய்மென்ட் பணத்தைக் காட்டும் 1099-ஜி படிவம் யூ.ஐ. ஆன்லைனில் இருக்கும், தபாலை நம்பிக் காத்திருக்காமல் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் மொத்தத் தொகை (பிடித்த வரியையும் சேர்த்து), நான்காம் கட்டத்தில் பிடித்த மத்திய வரி. 405ஆல் பெருக்கிப் பார்த்துவிட்டு "தொகை தப்பு" என்று பலர் குழம்புவது இங்கேதான். மத்திய வரி ரிட்டர்னான 1040 படிவத்தின் முதல் அட்டவணையில் 7ஆம் வரியில் இது ஏறும். கலிஃபோர்னியா ரிட்டர்னில் இதைக் கழித்துக் காட்ட வேண்டும். மென்பொருள் தானாகவே செய்யும், நீங்கள் 1099-ஜி என்ற பக்கத்தில் பதிந்திருந்தால். "பிற வருமானம்" என்று எங்கோ போட்டுவிட்டால் மாநில வரியையும் சேர்த்துக் கட்டிவிடுவீர்கள். தவறாக வந்த பணத்தை அதே ஆண்டில் திருப்பிக் கட்டினால் அந்த ஆண்டு வருமானத்திலேயே கழித்துவிடலாம். அடுத்த ஆண்டுக்குப் போய்விட்டால் 3,000 டாலருக்கு மேல் இருந்தால்தான் வரிச் சலுகைக்கு வழி உண்டு. எனவே திருப்பிக் கட்டச் சொன்னால், அது நியாயமும் என்றால், டிசம்பர் 31க்கு முன்பே கட்டுங்கள்.

கணவரின் கம்பெனி வழியாக மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்துகொள்ளலாம். வேலை போனதே அதற்குக் காரணமாகும், ஆனால் கால வரம்பு குறுகியது. கணவரின் ஹெச்ஆரிடம் இன்றே கேளுங்கள்.

சிட்டிசன்ஷிப்புக்கு இது இடைஞ்சல் இல்லை. வேலை செய்து ஈட்டிய காப்பீடு என்பதால் "பப்ளிக் சார்ஜ்" (அரசுக்குச் சுமையாக இருப்பவர்) என்று அஞ்சும் நலத்திட்டங்களின் வரிசையில் இது வருவதில்லை. 2019, 2022 ஆண்டுகளின் குடியேற்ற விதிகள் இரண்டுமே இதைச் சேர்க்கவில்லை. இடிக்கக்கூடியது ஒன்றே ஒன்று: சான்றளிப்பில் சொன்ன பொய். நன்னடத்தையைப் பார்க்கும் விண்ணப்பம் அது. மதுரை வாரங்களுக்கு "ஆம்" என்று எழுதச் சொன்னதற்கு இதுவும் காரணம்.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இந்தப் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. வேலை போனதும் அவர்களுக்கு 60 நாள் வரை அவகாசம் உண்டு, ஆனால் நினைத்த கம்பெனியில் மறுநாளே சேர முடியாது. வேலைக்குத் தயாராக இருக்கிறேன் என்ற நிபந்தனையே அங்கே சிக்கலாகிறது. விண்ணப்பிக்கும் முன் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். எச்-4 (எச்-1பிகாரரின் துணைக்கான விசா) இஏடியோ, கிரீன் கார்டு நிலுவையில் இஏடியோ, அதாவது வேலை அனுமதி அட்டை, வைத்திருப்பவர்கள், அந்த அட்டை உயிரோடு இருக்கும் வரை கேட்கலாம்.

ஹெச்ஆர் கடிதத்தில் அந்தப் பத்து வாரத்துக்கு என்ன பெயர் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். "சிவியரன்ஸ்" என்று இருந்தால் யோசிக்க ஒன்றுமில்லை, விண்ணப்பத்தைத் திறந்துவிடலாம். "நோட்டீஸ்" என்ற சொல் எங்காவது தலைகாட்டினாலும் இந்த வாரமே போடுங்கள். அப்போது மட்டும் அந்தக் கடிதத்தின் நகலை நேர்காணலுக்காகக் கையோடு வைத்திருங்கள்.